1616-க்கும் 1677-க்கும் நடுவில் 61 வருடம் இருக்கிறது

அந்த ரீலை இன்னும் எனக்கு அனுப்பாதவர்கள் இனி அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். லண்டன் சவுத்வார்க்கில் ஜார்ஜ் விடுதி முன்னால் நின்றுகொண்டு, "இந்த பால்கனியில உக்காந்துதான் ஷேக்ஸ்பியர் பீர் குடிச்சாரு" என்று ஒருவர் கையை நீட்டுகிறார். பின்னணியில் வயலின் வேறு. கீழே மரியாதையாக ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: அவர் இறந்தது 1616, அந்த மாடி கட்டியது 1677. வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். பூமர், ஒப்பிக்கிறவர், "வெள்ளைக்காரன் சாராயக்கடைக்கு இவ்வளவு வக்காலத்தா?" சரி, வக்காலத்துதான். முழுசாகவே வாங்குகிறேன்.

1676 மே மாதம் சவுத்வார்க் எரிந்தது. எல்லோருக்கும் தெரிந்த 1666 தீ தேம்ஸின் வடகரையில். இது பத்து வருடம் கழித்து, தென்கரையில், வேறு தீ. ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் யாத்திரிகர்கள் கூடிய டபார்ட் விடுதி போனது, பக்கத்தில் இருந்த ஜார்ஜும் போனது. மறு வருடம் ஜார்ஜ் திரும்ப எழுந்தது. இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

"அதே இடம்தானே, முன்னாடியும் அங்க விடுதி இருந்துச்சே?" இருந்தது. 1598-ல் லண்டனைப் பற்றி நூல் எழுதிய ஜான் ஸ்டோ சவுத்வார்க் விடுதிகளை வரிசைப்படுத்தும்போது ஜார்ஜும் அதில் வருகிறது. ஷேக்ஸ்பியர் அந்தப் பழைய விடுதிக்கு வந்திருக்கலாம், நான் மறுக்கவே இல்லை. மனை பழசு, மாடி புதுசு. 1616, 1677. இதில் என்ன கஷ்டம்?

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியை அந்த ரீலில் யாரும் கேட்கவில்லை. ஊரே எரிந்த பிறகும் ஏன் மறுபடி மரத்தில் அந்த மாடித் தாழ்வாரத்தைக் கட்டினார்கள்? தொழிலுக்கு அது தேவைப்பட்டது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். அறைகளுக்குப் போகும் வழி கட்டடத்துக்குள் இல்லை, வெளியே தாழ்வாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு. உள்ளே நடைவழிக்கு இடம் விட வேண்டாம் என்பதால் குறுகலான மனையில் கூடுதல் அறை போடலாம். விடிகாலை வண்டிக்கு ஆளை எழுப்ப கதவு கதவாகத் தட்டிக்கொண்டே போகலாம். குறையும் உண்டு: அறைக்கு வெளிச்சம் தாழ்வாரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், குளிரில் கதவைத் திறந்தால் நேரே வாடைக்காற்று. நம் பழைய வீடுகளின் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கீழே குதிரை நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் அந்தத் தெருவில் அத்தனை விடுதிகள்? பாலம். 1750-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும் வரை தெற்கிலிருந்து நகரத்துக்குள் நுழைய லண்டன் பாலம் ஒன்றுதான். அதுவும் இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கிய குறுகல் பாதை. பழைய நாளில் இரவானால் வாயிலையும் சாத்திவிடுவார்கள். கென்ட், சசெக்ஸ் பக்கமிருந்து வந்த வண்டிகள் பாலத்துக்கு இந்தப் பக்கமே சரக்கையும் ஆளையும் இறக்கின. அதனால்தான் தெருப் பக்கம் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு மட்டும் வாசல், உள்ளே போகப் போக நீளும் மனை. முன் முற்றத்தில் பயணிகள். பின்னால் லாயமும் அதன்மேல் வைக்கோல் பரணும். நான்கு குதிரை பூட்டிய கோச் வண்டிக்குச் சுமார் 10 மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டும். லாயம் இல்லாத விடுதி இந்தத் தொழிலில் விடுதியே இல்லை.

இன்னொரு கமெண்ட்: "மரமெல்லாம் கோணலா இருக்கு, சிமென்ட் பூசி நிமித்தலாமே." தயவுசெய்து யாரும் இவரைப் பழைய கட்டடத்துப் பக்கம் விடாதீர்கள். ஜார்ஜில் கீழ்த் தாழ்வாரத்துக்கு அடியில் தூண் கிடையாது. சுவரிலிருந்து வெளியே நீளும் விட்டங்கள்தான் அதைத் தாங்குகின்றன. மேல் தாழ்வாரத்துக்கு மெல்லிய மரத்தூண்கள். இப்படிப்பட்ட வேலையில் உயிர்நாடி, விட்டத்தின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடம். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், விட்டத்தின் வெட்டுமுனை அதை உறிஞ்சும், வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே முனை பஞ்சாகும். கூரான ஊசியால் குத்திப் பார்த்தால்தான் தெரியும். 300 வருடத்துக்கு மேல் ஒரே வாக்கில் படிந்துவிட்ட கோணலை ஜாக்கி வைத்து நிமிர்த்தினால் மூட்டு பிளக்கும், மூட்டை இறுக்கும் முளைக்குச்சி முறியும். கோணல் நோய் அல்ல, ஈரம்தான் நோய்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிய வலி இல்லை. அந்த ரீல்காரர் கேமராவை ஒரு பக்கம் மட்டுமே திருப்புகிறார் பாருங்கள், காரணம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது. 1836-ல் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் திறந்தது, ஜார்ஜிலிருந்து சில நிமிட நடை. கோச் வண்டித் தொழில் படுத்தது. 1874-ல் விடுதி கிரேட் நார்தர்ன் ரயில்வே கைக்குப் போனது. 1889-ல் வடக்கு, கிழக்கு இரண்டு பக்கமும் இடிபட்டன. சரக்குக்கு இடம் வேண்டுமாம். அருகில் இருந்த வைட் ஹார்ட் விடுதியும் அதே வருடம் இடிபட்டது. தீக்குப் பிறகு எழுந்த டபார்ட் 1870-களிலேயே போய்விட்டது. 1937-ல் மிச்சமிருந்த தெற்குப் பக்கத்தைப் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள், நல்ல மனசு. லண்டனில் இந்த வகையில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

"ரயில் ஜனங்களுக்குத்தானே வந்தது" என்பவருக்கு: ஆமாம், வந்தது. அதற்கு மேல் அவரோடு பேச எனக்குப் பொறுமை இல்லை.

முழு முற்றமும் தாழ்வாரமுமாகப் பார்க்க ஆசை இருந்தால் குளோஸ்டரில் நியூ இன் இருக்கிறது. 1450 வாக்கில் மடத்துத் துறவிகள் கட்டியது, ஷேக்ஸ்பியரைவிட நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது. அங்கே போய் வயலின் வாசியுங்கள், தேதியாவது இடிக்காது.

சாராயக்கடை என்று எழுதினவருக்கும் ஒரு வரி. ஆமாம் ஐயா, சாராயக்கடைதான், 1677-லும் சாராயக்கடைதான். கூடவே எதிரே இன்னொரு வரிசை அறை இருந்தது, லாயம் இருந்தது, பரண் இருந்தது. நீங்கள் பார்த்த ரீலில் அவை எதுவும் வராது.