சங்கரின் கொட்டடிக்கு இன்னொரு யானை வேண்டாம்

டெல்லி உயிரியல் பூங்காவில் இருந்த ஆப்பிரிக்க யானை சங்கர் 2025 செப்டம்பரில் இறந்துவிட்டான். வயது 29. அறுபது வயது தாண்டியும் வாழக்கூடிய உயிர். 1998-ல் ஜிம்பாப்வே நமக்குப் பரிசாக அனுப்பிய குட்டி. கூட வந்த பெண் யானை சில வருடங்களிலேயே செத்துப்போனது. அதற்கப்புறம் சாகும்வரை தன் இனத்தில் ஒரு துணை அவனுக்குக் கிடைக்கவில்லை.

அவனுடைய வீடியோக்களைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருப்பான். பார்ப்பவர்களுக்கு யானை ஏதோ குஷியில் ஆடுவதுபோலத் தெரியும். அடைபட்டுக் கிடக்கும் யானைக்கு மன உளைச்சலில் வருகிற பழக்கம் அது.

"ஆண் யானை தனியாகத்தானே திரியும்?" என்று கேட்கிறார்கள். இல்லைங்க. வயதுக்கு வந்ததும் தாயின் கூட்டத்தை விட்டுப் போகும், சரி. ஆனால் போய் மூத்த ஆண் யானைகளோடு பழகித்தான் அடக்கம் கற்றுக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் காட்டில் பெரியவர்கள் யாருமே இல்லாமல் வளர்ந்த அனாதை ஆண் யானைகள் 1990-களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் அந்நாட்டின் குரூகர் தேசியப் பூங்காவிலிருந்து ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கொலை நின்றது. அதே வருடம்தான் நாம் சங்கரைக் கொண்டுவந்து சுவருக்குள் விட்டோம். பிறகு அவனை "முரட்டு யானை" என்று சொல்லிச் சங்கிலியில் கட்டினோம். உலக உயிரியல் பூங்காக்கள் சங்கம் 2024-ல் டெல்லிப் பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்த பிறகுதான் அந்தச் சங்கிலி கழன்றது.

எல்லாப் பூங்காவையும் இழுத்து மூடச் சொல்லவில்லை. காட்டில் அடியோடு அழிந்துபோன அரேபிய ஓரிக்ஸ் மான், பூங்காக்களில் பெருகியதால்தான் 1982-ல் ஓமன் பாலைவனத்துக்குத் திரும்பியது. அந்த வேலையை மதிக்கிறேன். ஒற்றை யானையை வைத்து எந்த இனத்தைப் பெருக்க முடியும்? அவன் வெறும் காட்சிப்பொருள்.

இலங்கை 1985-ல் பாகிஸ்தானுக்குக் கொடுத்த காவன் யானையும் துணை செத்தபின் இஸ்லாமாபாத்தில் இப்படித்தான் கிடந்தது. அங்கே நீதிமன்றம் தலையிட்டது. 2020-ல் கம்போடியாவுக்கு விமானம் ஏற்றினார்கள். இங்கே மத்திய உயிரியல் பூங்கா ஆணையமே 2009-ல், யானைகளைப் பூங்காக்களில் வைக்காதீர்கள், காட்டு முகாம்களுக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. அதன்பிறகும் பதினைந்து வருடத்துக்கு மேல் சங்கர் அங்கேயேதான் இருந்தான்.

அந்தக் கொட்டடியை நிரப்ப இன்னொரு குட்டியை எந்த நாட்டிடமும் கேட்காதீர்கள். எந்த நாடாவது பரிசாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.