வாக்காளர் அட்டை வராவிட்டாலும் வாக்களிக்கலாம்

இலங்கையில் வாக்காளர் அட்டை கைக்கு வராதவர்கள் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் சரியல்ல. உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) இருக்க வேண்டும், செல்லுபடியான அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். வாக்காளர் அட்டை எந்த வாக்களிப்பு நிலையம், என்ன தொடரிலக்கம் என்று சொல்லும் அறிவித்தல் மட்டுமே.

மலையகத்தில் இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. பல தோட்டங்களில் தபால் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வருவதில்லை, தோட்ட ஆபீசுக்கு மொத்தமாகப் போகிறது. அங்கேயே தங்கிவிடுவதும் நடக்கிறது. விநியோகம் முடிந்தும் கிடைக்காவிட்டால், உங்கள் பகுதிக்குக் கடிதம் விநியோகிக்கும் தபாலகத்தில் அடையாளத்தைக் காட்டிக் கேளுங்கள்.

பெயர் இருக்கிறதா என்று பார்க்க, தேர்தல் ஆணைக்குழுவின் இணையதளத்தில் வாக்காளர் பதிவு விபரம் தேடும் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடலாம். கிராம உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

உண்மையில் ஆட்களைத் திருப்பி அனுப்புவது வேறு விஷயத்துக்கு: வாக்காளர் அட்டையை மட்டும் கொண்டுவந்து, அடையாளத்தை வீட்டில் விட்டுவிடுவது. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆவணங்களில் ஒன்று வேண்டும். எதுவுமே இல்லாதவர்கள் தேர்தலுக்கான தற்காலிக அடையாள அட்டைக்குப் புகைப்படத்துடன் கிராம உத்தியோகத்தர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி நாளில் போனால் கிடைக்காது.