யாருக்காக ஓடுகிறது இந்த ஜாப்?

மாதம் பிறந்தால் கிளவுட் பில் (வாடகை சர்வர்களுக்கான கட்டணம்) வரும், கூடவே "ஏன் இவ்வளவு?" என்று மேலாளரும் வருவார். இந்த முறை உட்கார்ந்து தோண்டினேன். ஒரு ரிப்போர்ட்டுக்கான ஜாப், அதாவது தானாக ஓடும் புரோகிராம், மணிக்கொரு தரம் ஓடுகிறது. 30 நாளில் 720 முறை! அதைக் கேட்டு வாங்கியவர் வேலையை விட்டே 2 வருஷம் ஆகிறது.

அதில் டேட்டாவைக் கேட்டு எடுக்கும் குவெரியைப் பார்த்தால் இன்னும் வயிற்றெரிச்சல். தேவை டேபிளில் 3 நெடுவரிசை. எழுதியிருப்பது 'செலக்ட் ஸ்டார்', அதாவது எல்லா நெடுவரிசையையும் எடு. எங்கள் டேட்டா வேர்ஹவுஸில் (டேட்டாவையெல்லாம் சேர்த்து வைக்கும் கிடங்கு) ஸ்கேன் செய்யும், அதாவது படிக்கும், அளவுக்குத்தான் காசு. கடைசியில் 'லிமிட் 10' போட்டாலும் முழு டேபிளையும் படித்துவிட்டுத்தான் பத்து வரியைக் காட்டும். (அந்த லிமிட்டைப் போட்டது நான்தான், அது வேறு கதை.)

சரி, நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், யாராவது பார்ப்பாங்க" என்கிறார்கள். யாரய்யா அந்த யாராவது?