ஐந்து நகர்வு விலைக்கு

கைபேசியில் இலவசமாக வரும் புதிர் விளையாட்டுகளின் தந்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இத்தனை நகர்வுக்குள் முடி என்பார்கள். இன்னும் இரண்டே நகர்வு இருந்தால் ஜெயித்துவிடலாம் என்ற இடத்தில் ஆட்டம் நிற்கும். உடனே ஒரு பெட்டி திறந்து, காசு கொடுத்தால் 5 நகர்வு தருகிறேன் என்று பேரம் பேசும். யோசித்துத் தோற்றவனிடம் கூடுதல் யோசனைக்குக் கட்டணம் கேட்கும் இந்த வியாபாரம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சேலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "தம்பி, பையன் படிக்கவே மாட்டேன் என்கிறான், இதில் இருக்கும் கேம் எல்லாவற்றையும் அழித்துக் கொடுங்கள்" என்று லேப்டாப்பை மேசைமேல் வைக்கும் அம்மாக்கள் அடிக்கடி வருவார்கள். அழித்துத்தான் கொடுக்கிறேன், பிழைப்பு அது. ஆனால் எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கோல்ஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிகளை எண்ணுவதுதான் அந்த ஆட்டமே. ஒவ்வொரு குழிக்கும் 3, 4, 5 என்று ஓர் அளவு உண்டு. குறைந்த அடியில் முடித்தவன் கெட்டிக்காரன். நம் பக்கத்தில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். நான் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. பெரிய நிறுவனங்களின் கோல்ஃப் விளையாட்டுகள் புல், காற்று, நிழல் எல்லாவற்றையும் அச்சு அசலாகக் காட்டும். அவற்றை ஓட்ட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

2018இல் போலந்தின் ஆஃப்டர்பர்ன் என்ற சிறு குழு 'கோல்ஃப் பீக்ஸ்' என்று ஒரு புதிர் விளையாட்டை வெளியிட்டது. இதில் மட்டை கிடையாது. கையில் சில சீட்டுகள்தாம். ஒரு சீட்டு பந்தை மூன்று கட்டம் உருட்டும், இன்னொன்று இரண்டு கட்டம் தூக்கி எறியும். எதை முதலில் போடுவது, எந்தத் திசையில் போடுவது என்பதே கேள்வி. கைப்பழக்கத்துக்கு வேலையே இல்லை. இப்படி 120க்கும் மேற்பட்ட நிலைகள். ஏற்காட்டில் அக்கா வீட்டில் மழை பிடித்தால் நெட் போய்விடும். அப்போது என் பழைய லேப்டாப்பில் அக்கா மகனுக்கு இதைக் கொடுத்தேன். "மாமா, எத்தனை அடிக்குள் முடிக்கணும்?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. பாருங்கள், கைபேசி எப்படிப் பழக்கியிருக்கிறது!

இங்கேயும் சீட்டுகள் அளவாகத்தான் தரப்படுகின்றன. ஆனால் அந்த அளவுதான் புதிர். சீட்டு தீர்ந்தால் யாரும் கடை விரிப்பதில்லை. பின்னால் போய் வேறு வரிசையில் போட்டுப் பார்க்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

போட்டதைத் திரும்ப எடுக்கும் அந்த அன்டூ பொத்தானைச் சிலர் சோம்பேறித்தனம் என்கிறார்கள். ஆடுபுலி ஆட்டத்தில் வைத்த காய் வைத்ததுதானே என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. அங்கே எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஐயா! காயைத் திரும்ப எடுத்தால் அவருக்கு அநியாயம். தனியாகப் புதிரோடு மல்லுக்கட்டுகிறவன் யாரை ஏமாற்றுகிறான்? 1982இல் ஜப்பானில் வந்த சோகோபான் என்ற கம்ப்யூட்டர் புதிரில் பெட்டியைத் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மூலையில் மாட்டினால் கதை முடிந்தது. அந்த மரபில் வந்ததுதான் பின்லாந்தின் ஆர்வி டெய்கரி 2019இல் வெளியிட்ட 'பாபா இஸ் யூ'. அதில் விதிகளே சொற்களாகத் தரையில் கிடக்கும். தள்ளி மாற்றிவைத்தால் சுவர் சுவராக இருக்காது. இவ்வளவு விபரீதத்தை அன்டூ இல்லாமல் துணிந்து தொட்டுப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

எண்ணிக்கையே கூடாது என்று சொல்லவில்லை. ஜஸ்டின் ஸ்மித் 2014இல் செய்த 'டெசர்ட் கோல்ஃபிங்' இதற்கு நேர் எதிர். மணல், பந்து, குழி, மேலே ஓர் எண். அன்டூவும் இல்லை, முதலிலிருந்து தொடங்கும் வழியும் இல்லை. அடித்த அடியெல்லாம் ஏறிக்கொண்டே போகும். கொடூரம்தான், ஆனால் நேர்மையான கொடூரம். அந்த எண்ணைக் குறைத்துத் தருகிறேன் என்று அது காசு கேட்பதில்லை. 2017இல் வந்த 'ஓபஸ் மேக்னம்' இன்னும் அழகு: நீங்கள் கட்டிய இயந்திரத்தின் செலவு, வேகம், பரப்பளவு மூன்றையும் எண்ணி, மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு வரைபடமாகக் காட்டும். மோசமாகக் கட்டியிருந்தாலும் அடுத்த நிலைக்கு விட்டுவிடும். மெருகேற்றுவது உங்கள் விருப்பம். நான் பெரும்பாலும் செலவை மட்டும்தான் பார்ப்பேன், கடைக்காரன் புத்தி.

கல்லூரிப் பிள்ளைகள் கவனிக்க: ஸ்டீஃபன் லாவெல் 2013இல் வெளியிட்ட 'பஸில்ஸ்கிரிப்ட்' என்ற புதிர் செய்யும் கருவி பிரௌசரிலேயே ஓடும், இலவசம். சில வரி விதிகளை எழுதினால் உங்கள் புதிர் தயார். அன்டூ அதிலேயே இருக்கிறது. என் கடைக்கு வரும் மிகப் பழைய மெஷினுக்கும் அது பாரமில்லை. அதே மனிதரின் 'ஸ்டீஃபன்ஸ் சாசேஜ் ரோல்' பக்கம் மட்டும் எடுத்த எடுப்பில் போய்விடாதீர்கள். இரண்டாம் நிலையிலேயே லேப்டாப்பை என்னிடம் விற்க வந்துவிடுவீர்கள்.