பங்கசினான்: அகராதி உண்டு, வகுப்பறை இல்லை

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், லிங்காயென் வளைகுடாவை ஒட்டியிருக்கிறது பங்கசினான் மாகாணம். அங்குள்ள மொழியில் 'ஆசின்' என்றால் உப்பு. உப்பு விளையும் இடம் என்பதுதான் மாகாணத்தின் பெயர். மக்களுக்கும் மொழிக்கும் அதே பெயர். உள்நாட்டுச் சமவெளியை முன்பு கபோலோவான் என்றார்கள். 'போலோ' மூங்கில் செழித்த நிலம் அது. அந்த மூங்கிலில் கூடையும் நாற்காலியும் செய்து, மாட்டுவண்டியில் ஏற்றி, மணிலா வரை கொண்டுபோய் விற்ற வியாபாரிகள் இவர்கள்.

சில மாதங்களாக இவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இதையெல்லாம் யாருக்காக எழுதினார்கள்?

டொமினிக்கன் துறவி லொரென்சோ பெர்னாண்டஸ் கோஸ்காயா தொகுத்த பங்கசினான்-ஸ்பானிய அகராதி 1865இல் மணிலாவில் அச்சானது. மக்களின் பாவ அறிக்கையைக் கேட்கவும் பிரசங்கம் செய்யவும் பாதிரியார்களுக்கு அந்த மொழி வேண்டியிருந்தது. பிறகு 1971இல் ரிச்சர்ட் பென்டனின் இலக்கணமும் அகராதியும் ஹவாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தன. பீஸ் கோர் என்ற அமெரிக்கத் தொண்டர் அமைப்பின் பணத்தில் நடந்த திட்டம் அது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் தேடியவை நான்கு சொற்கள்: தனும் என்றால் தண்ணீர், தயாத் என்றால் கடல், சிரா என்றால் மீன், பிறகு ஆசின். ஒரு கடலோர வாழ்க்கைக்கு வேண்டிய அத்தனையும் இந்த நான்கில் இருக்கிறது. பென்டனின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இரண்டு அகராதிகளும் வெளியிலிருந்து வந்தவர் கற்றுக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. அந்த மொழியில் பிறந்த பிள்ளையை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

இந்த வரிசையில் ரொசாரியோ மென்டோசா கோர்ட்டெஸ் எனக்கு மிகவும் முக்கியமானவர். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர். 1572 முதல் 1986 வரையிலான பங்கசினான் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1974இல் வந்தது. ஒரு மாகாணத்தின் நானூறு ஆண்டுகளை ஒருவரே எழுதி முடிப்பது சாதாரண காரியம் அல்ல. 1660இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்து தன்னை அரசன் என்று அறிவித்துக்கொண்ட ஆந்த்ரேஸ் மலோங், 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்த நேரம் பார்த்து எழுந்த பலாரிஸ் போன்றவர்கள் தேசிய வரலாற்றில் இரண்டு வரிக்குள் அடங்கிவிடுவார்கள். சொந்த மாகாணத்தின் வரலாற்றில்தான் அவர்களுக்கு ஊரும் உறவும் காரணமும் கிடைக்கின்றன. இருவரும் எழுந்த ஊர் பினலதோங்கன். பாலதோங் என்றால் பச்சைப்பயறு. பலாரிஸை ஒடுக்கிய பிறகு அந்த ஊரின் பெயர் சான் கார்லோஸ் ஆகிவிட்டது. பயறு விளைந்த ஊர் ஸ்பானிய அரசனின் பெயரைச் சுமக்கிறது.

இன்னொரு பக்கம் இளவரசி உர்துஹாவின் கதை. மதுரை சுல்தானின் அவையில் தங்கிச் சென்ற அதே மொராக்கோ பயணி இபன் பதூதா, தவாலிசி என்ற நாட்டில் அவளைச் சந்தித்ததாக எழுதினார். அந்த நாடு பங்கசினான்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் மாகாணத் தலைநகர் லிங்காயெனில் ஆளுநர் மாளிகைக்கு அவள் பெயர். மக்கள் அவளை விரும்புவது எனக்குப் புரிகிறது. ஆனால் உப்பளத்தில் நிற்கும் பெண்ணைப் பற்றியும் அதே ஆசையோடு எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.

மாகாணத்தின் கடலோர ஊர்களான பொலினாவோ, தசோல் பக்கம் கோடையில்தான் உப்பு விளைகிறது. பாத்தியில் கடல்நீரைக் கட்டி வெயிலில் காயவிட்டு, வெள்ளை பூத்ததும் பலகையால் வாரிக் குவித்து, மூங்கில் கூடையில் நீர் வடிய வைக்கிறார்கள். மீனோடு இந்த உப்பைச் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்தால் லிங்காயெனின் பகோங் என்ற மீன் விழுது கிடைக்கிறது. 1995இல் எல்லா உப்பிலும் அயோடின் கட்டாயம் என்று சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் அதன் சுருக்கப் பெயரே 'ஆசின்'. நோக்கம் நல்லதுதான். ஆனால் அயோடின் கலக்கும் இயந்திரம் வாங்க வழியில்லாத சிறு உப்பளக்காரர்கள் ஒதுங்கினார்கள், இறக்குமதி உப்பு வந்து நிறைந்தது.

உப்புத் தொழிலை மீட்க 2024 மார்ச்சில் புதிய சட்டம் போட்டார்கள். மனதார வரவேற்கிறேன். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு சட்டம் வந்தது. தொடக்க வகுப்புகளில் தாய்மொழி இனி பயிற்று மொழி அல்ல என்றது. 2012இல் நாடெங்கும் தாய்மொழிக் கல்வி தொடங்கியபோது முதல் பன்னிரண்டு மொழிகளில் பங்கசினானும் ஒன்றாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே தாய்மொழி பேசும் வகுப்புக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். இலோகானோ மொழி பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடியேறி வாழும் மாகாணத்தில், மணிலாவின் தகலோக் மொழி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட நகரங்களில், அப்படிப்பட்ட வகுப்புகள் எத்தனை தேறும்?

அடுத்த அகராதியைத் தொகுக்கப் போகிறவர் தசோலிலிருந்து தொடங்கட்டும். பாத்திக்கு என்ன பெயர், பலகைக்கு என்ன பெயர், முதலில் பூக்கும் உப்புக்கு என்ன பெயர் என்று அங்குள்ள பெண்களிடம் கேட்டு எழுதட்டும். பொருளையும் பங்கசினானிலேயே எழுதட்டும். முதல் பிரதி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்.