பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு மாதங்களை எப்படிச் சொல்லித் தருவது

யு.கே.ஜி. படிக்கும் குழந்தை ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டுகிறோம். அப்புறம் அதே குழந்தையிடம் "ஆகஸ்டுக்கு அடுத்த மாதம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி ஜனவரியிலிருந்து ஓடி வரும். "ஆகஸ்டுக்கு முந்தினது?" என்றால் பெரும்பாலும் நின்றுவிடும். குழந்தை மேல் ஒரு குறையும் இல்லை. பாட்டாகப் படித்ததைப் பாட்டாகத்தான் திருப்பிச் சொல்ல வரும். இதை வைத்து ரிப்போர்ட் கார்டில் டிக் போடுவதும், சொல்ல வராத பிள்ளையை உட்கார வைத்துப் பத்து முறை எழுதச் சொல்வதும் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

நாள் என்றால் விடியும், இருட்டும். வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு வரும். மாதம் அப்படிக் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. ஐந்து வயதில் "போன மாதம்" என்பதே மங்கலான சங்கதி. அதனால் ஒவ்வொரு பெயரோடும் கண்ணால் பார்த்தது, வாயில் போட்டது என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பெங்களூர் மாதிரி வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம்.

மரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் மஞ்சள் தபேபூயா, இலையே தெரியாமல் பூ மட்டும். அதையொட்டி ஊதா நிற ஜகரண்டா. ஏப்ரல், மே வந்தால் குல்மோகர் சிவப்பு. வருஷக் கடைசியில் ரோஜா நிறத் தபேபூயா. இது தானாக அமைந்ததில்லை. 1908-இல் லால்பாகுக்குப் பொறுப்பேற்று வந்த ஜெர்மன் தோட்டக்கலை நிபுணர் கிரம்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்கத் தொடங்கும்படி பார்த்துப் பார்த்து மர வகைகளைத் தேர்ந்தார். பின்னால் வந்தவர்களும் அந்த வழியில் நட்டார்கள். ஸ்கூல் வேன் ஜன்னலிலிருந்து பிள்ளைகள் தினமும் பார்க்கும் மரங்கள் இவை. "இது என்ன மாதம், எந்தப் பூ?" என்று ஒரு வார்த்தை கேட்க நமக்குத்தான் நேரமில்லை.

சாப்பாடும் அப்படித்தான். ஜனவரியில் மார்க்கெட் முழுக்க அவரைக்காய் வாசனை, ஊரில் அதற்கென்றே மேளா, வீட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்பு. நவம்பர், டிசம்பரில் பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே, அதாவது வேர்க்கடலைத் திருவிழா. குழந்தையின் கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைக் கொடுத்து மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள், மறக்காது.

தமிழ் மாதங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வார இறுதித் தமிழ் வகுப்புகளில் சித்திரை முதல் பங்குனி வரை இதே ஒப்பித்தல்தான் நடக்கிறது. கூடவே "ஐப்பசியில் அடைமழை" என்று ஒரு வரி. சென்னைப் பிள்ளைக்கு அது சரி. பெங்களூரில் அதிக மழை பெய்யும் மாதம் செப்டம்பர். ரெயின்கோட்டும் நனைந்த ஷூவுமாகப் பிள்ளை வீட்டுக்கு வருவது ஆவணி, புரட்டாசியில். நம் பழைய இலக்கணம் கார்காலம் என்று சொல்வதும் இதே ஆவணி, புரட்டாசியைத்தான்! இதைக் கவனித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளை என்று நாம் கவலைப்படுகிறோம், ஆனால் கார்காலத்தை அதன் மாதத்திலேயே இந்தப் பிள்ளைக்கு ஜன்னலைத் திறந்து காட்டலாம்.

உகாதி ஒரு நாள், சித்திரை ஒன்று இன்னொரு நாள், ஏன் இரண்டு புது வருஷம் என்று கேட்கும் வயதும் வரும். கன்னட மாதங்கள் நிலாவை வைத்து, அதனால் உகாதி வருஷத்துக்கு வருஷம் நகரும். நம்முடையது சூரியனை வைத்து, ஏப்ரல் 14-ஐ ஒட்டியே நிற்கும். ஏழெட்டு வயதில் இவ்வளவு சொன்னால் போதும்.

வீட்டுக்கு ஒரு நாள் கிழிக்கும் காலண்டர் வாங்குங்கள். போனில் தேதி பார்க்கப் பழகிய பிறகு அது சுவரைவிட்டே போய்விட்டது. காலையில் தாளைக் கிழிக்கும் வேலை குழந்தையுடையதாக இருக்கட்டும். ஆங்கில மாதம் பாதியில் இருக்கும்போது தமிழ் மாதம் ஒன்று என்று புதிதாகத் தொடங்குவதை அதுவே ஒரு நாள் கண்டுபிடித்து ஓடி வந்து கேட்கும்.

பிப்ரவரிக்கு ஸ்பெல்லிங், முஷ்டியை மடக்கி 30, 31 எண்ணுவது எல்லாம் இரண்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். யு.கே.ஜி. டீச்சரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வரிசையாக ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, "உன் பிறந்த நாள் எந்த மாதம்? அப்போது வெளியே மழையா, வெயிலா, என்ன பூ பூத்திருக்கும்?" என்று கேளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் இதைக் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் பள்ளியில் கேளுங்கள்.