பெயின்ட் அடித்துவிட்டால் தெரு பிழைத்துவிடுமா?

தென் சீனாவில் உள்ள குவாங்சோ நகரின் பழைய சிகுவான் பகுதிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தே படம் எடுக்கிறார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஐரோப்பியச் சாயலில் பூவேலை. அழகுதான். ஆனால் அந்தத் தெருக்களின் உயிர் கீழே, தூணுக்கும் கடை வாசலுக்கும் நடுவே இருக்கிறது. புதுப்பிக்க வந்தால் முதலில் கெடுவதும் அந்த இடம்தான்.

கீழ்த்தளக் கடை உள்ளே தள்ளியிருக்கும்; மாடி நடைபாதைக்கு மேலே நீண்டு தெருவோரத் தூண்களில் நிற்கும். இந்த அமைப்பைச் 'சிலோ' என்பார்கள். சிங்கப்பூர், பினாங்கு நண்பர்களுக்கு விளக்கவே வேண்டாம். சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் அந்த ஊரின் 1822 நகரத் திட்டத்தில் சேர்த்த ஐந்தடிப் பாதைக்கு (கடை வாசலில் கூரையுள்ள நடைபாதை) இது நெருங்கிய சொந்தம். குவாங்சோவில் நகர மதிலை இடித்து அகலச் சாலைகள் போட்ட காலத்தில் இது பரவியது. சிகுவானின் என்னிங் சாலை 1931இல் வந்தது.

ஒவ்வொரு கடையும் ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலம், உள்ளே போனால் நீளமோ நீளம். நடுவில் சிறு முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான். கூடுதல் அறைக்கு ஆசைப்பட்டு முற்றத்தை மூடினால் புழுக்கம் ஏறும், மரத் தளம் ஈரம் பிடிக்கும், பின்னாலேயே கரையான் வரும்.

சுவர் சாம்பல் நிறச் செங்கல். இதன்மேல் சிமென்ட் பூசுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கல் உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிவிடும், சிமென்ட் விடாது. உள்ளே உப்புப் பூத்து, கல்லின் முகமே பொரிந்து உதிரும். மேலே பெயின்ட் மட்டும் புதுசாக இருக்கும்.

குளிர்காலம் முடியும்போது தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசும். குளிர்ந்த தரையும் சுவரும் வியர்த்துக் கொட்டும். அந்த ஊர் நடைபாதையில் பாலிஷ் போட்ட கிரானைட் பதிப்பவரை என்ன சொல்ல? சொரசொரப்பான கல், தெருப்பக்கம் லேசான சரிவு, கடைக்குக் கடை ஒரே மட்டம். இவ்வளவுதான் தேவை. ஒருவர் மட்டும் அரையடி உயர்த்தினால் பாட்டிமார் நடக்கும் பாதை அங்கேயே அறுந்துவிடும்.

அடுத்தது பெயர்ப்பலகை. தூணில் எழுதிய பெயர் தெருவில் போகிறவருக்கு. நடைபாதைக் கூரையிலிருந்து குறுக்கே தொங்கும் பலகை உள்ளே நடப்பவருக்கு. இந்தக் கணக்குப் புரியாமல், முகப்பில் ஒரே அளவு, ஒரே எழுத்து என்று மாட்டினால் நடப்பவர் கண்ணில் எதுவும் படாது. ஷாங்காயின் சாங்தே சாலையில் 2019இல் கருப்பு வெள்ளையில் ஒரே மாதிரிப் பலகைகள் வைத்தார்கள். கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கிறதே என்று சனம் கிண்டலடித்தது.

2016இல் என்னிங் சாலையையொட்டிய யோங்சிங் சந்துகளைச் சீரமைத்தபோது, மொத்தமாக இடிக்காமல் சின்னச் சின்னதாகச் சரிசெய்தார்கள். அந்த வழி சரி என்பேன். ஆனால் காபிக் கடை எந்த வாடகையையும் தாங்கும். செம்புப் பாத்திரம் தட்டுகிறவர் தாங்கமாட்டார். அவருக்கு வாசல் திறந்திருக்கவும் வேண்டும்: சத்தமும் சூடும் வெளியேற, போகிறவர் நின்று பார்த்து விலை கேட்க. முகப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அவருடைய வாடகைக்கும், காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் பழைய பலகைக் கதவைச் சரிசெய்யவும் கொடுங்கள். கண்ணாடிக் கதவும் ஏசியும் அந்தக் கடைக்கு வேண்டாம்.